டிபிஎஃப் விளக்கு எரிந்தால் என்ன செய்வது: பிஎஸ்-6 டீசல் வண்டிக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்தியாவில் வந்த டீசல் கார், பிக்கப், லாரி என்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சைலென்சருக்கு முன்னால் ஒரு பில்டர் இருக்கிறது. முழுப்பெயர் டீசல் பர்ட்டிகுலேட் பில்டர், பட்டறையில் எல்லோரும் சொல்வது டிபிஎஃப். பிஎஸ்-4 என்ற பழைய புகை விதியின் காலத்தில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம். அடுத்து வந்த பிஎஸ்-6 விதி அதை 4.5 மில்லிகிராமுக்கு இறக்கியது. எடையோடு விடாமல் துகள்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வைத்தது. இன்ஜினை மட்டும் திருத்தி அந்த அளவை எட்டுவது நடக்காத காரியம் என்பதால்தான் பில்டர் வந்தது.

உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி துளைத்த பீங்கான். ஒரு துளைக்குப் பின்பக்கம் அடைப்பு, பக்கத்துத் துளைக்கு முன்பக்கம் அடைப்பு என்று மாறி மாறி இருக்கும். புகைக்குச் சுவர் வழியாக ஊடுருவித்தான் வெளியே போக வழி. புகை போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும், அதற்குப் பெயர் ரீஜென். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி மெல்ல மெல்ல எரியும். அது போதாதபோது இசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, கொஞ்சம் டீசலைக் காலம் தாழ்த்தி உள்ளே தெளித்து, பில்டரின் சூட்டை 600 டிகிரி வாக்கில் ஏற்றி எரிக்கும். கரி எரிந்து போகும். ஆனால் இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சாம்பல் எரியாது, பில்டரிலேயே தங்கும். கரி வேறு, சாம்பல் வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பிழையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பில்டர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வண்டி ஓட்டும் முறையிலோ, பில்டருக்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒரு பாகத்திலோ கோளாறு இருக்கும், அதன் பலன் பில்டரில் வந்து சேரும். ஏன் அடைத்தது என்று பார்க்காமல் பில்டரை மட்டும் கழுவி மாட்டினால், கொஞ்ச நாளில் அதே வண்டி அதே விளக்கோடு திரும்பி வரும்.

கையில் என்ன வேண்டும்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் அடாப்டரும், உங்கள் மாடலின் டிபிஎஃப் விவரங்களைப் படிக்கத் தெரிந்த ஆப்பும் இருந்தால் நல்லது. மலிவான எல்லா ஆப்பும் இதைப் படிக்காது, வாங்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போகலாம். பார்க்க வேண்டியவை நான்கு: கரியின் அளவு (சில வண்டியில் கிராம், சிலவற்றில் சதவீதம்), கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம், பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், கூலன்ட் சூடு. எரர் கோடுகளை, அதாவது இசியூ பதிவு செய்து வைக்கும் கோளாறு எண்களை, அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். "முதலில் அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா என்று" என்பார்கள். அழித்துவிட்டால் அந்தக் கோளாறு எப்போது, எந்த நிலையில் பதிவானது என்ற விவரமும் சேர்ந்து போய்விடும்.

அறிகுறி: டிபிஎஃப் விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது, வண்டி வழக்கம்போல் இழுக்கிறது

பயப்பட வேண்டியதில்லை, தள்ளிப்போடவும் கூடாது. கரி ஓரளவு சேர்ந்துவிட்டது, இசியூ எரிக்கப் பார்த்தும் முடியவில்லை என்று அர்த்தம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட், திரும்ப வீடு என்று ஓடும் வண்டியில் இது சகஜம். இன்ஜின் சூடாவதற்குள் சாவியை அணைத்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது ஒரு நல்ல ஓட்டம். கிளம்பும் முன் டேங்கில் டீசல் ரிசர்வுக்கு மேலே இருக்கிறதா பாருங்கள், டீசல் குறைந்தால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. வேறு எந்த விளக்கும் எரியக் கூடாது. அப்புறம் நிற்காமல் ஓட்டக்கூடிய சாலைக்குப் போங்கள்: சென்னையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, மதுரையில் சுற்றுச்சாலை, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது நான்குவழிச் சாலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், ஆர்பிஎம் 2000-க்குக் கீழே இறங்காதபடி சுமார் 20 நிமிடம். தேவைப்பட்டால் ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். வண்டிக்கு வண்டி வேகமும் நேரமும் மாறும், உங்கள் கையேட்டில் வேறு எண் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீஜென் நடப்பதைக் கவனித்தால் தெரியும். ஐடிலில் வழக்கத்தைவிட நூறு, இருநூறு ஆர்பிஎம் கூடுதலாக நிற்கும். அந்த நேரத்து மைலேஜ் இறங்கும். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ள வண்டி அணையாது. சைலென்சர் சத்தம் கொஞ்சம் கனக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தபடி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இன்னொரு சுற்று போய்விட்டு வாருங்கள். பாதியில் அணைப்பதால் கெடுவது என்ன என்று ஆயில் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: விளக்கு மினுக்குகிறது, செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்துவிட்டது, வண்டி இழுக்கவில்லை

மேலே சொன்ன நெடுஞ்சாலை வைத்தியம் இந்தக் கட்டத்தில் உதவாது. கரி ஓர் அளவைத் தாண்டினால் இசியூ ரீஜென் செய்ய மறுத்துவிடும். அவ்வளவு கரியும் ஒரே நேரத்தில் பற்றினால் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிப் பீங்கான் வெடிக்கும், சில சமயம் உருகும். அதனால்தான் வண்டியின் சக்தியைக் குறைத்து, "பட்டறைக்குப் போ" என்கிறது. இந்த நிலையில் வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள்.

ஸ்கேனரில் பி2463 வந்தால் கரி அதிகம். பி242எஃப் வந்தால் சாம்பல் நிறைந்துவிட்டது. பி2452-ம் அதை ஒட்டிய எண்களும் வந்தால் அழுத்த சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். எந்த எண் வந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது சென்சாரைத்தான். செலவில்லாத சோதனை அது.

இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். புகை ஓடவில்லை, எனவே பூஜ்ஜியம் அல்லது அதை ஒட்டித்தான் காட்ட வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போதே பெரிய எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அடுத்து, பில்டரிலிருந்து சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள். எலி கடித்திருக்கலாம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வெயிலிலும் சூட்டிலும் வெடித்திருக்கலாம், உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம், முன்பு யாராவது கழற்றி இடம் மாற்றி மாட்டியிருக்கலாம். மழை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சென்சார் கனெக்டரைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பில்டரை மாற்றச் சொல்லிப் பெரிய எஸ்டிமேட் போட்ட வண்டியில் ஹோஸ் ஓட்டைதான் கோளாறு என்று முடிவது நடக்காத கதை இல்லை.

சென்சார் சரி, கரி நிஜமாகவே அதிகம் என்றால், ரீஜெனைத் தடுப்பது எது என்று தேடுங்கள். புகைச் சூட்டை அளக்கும் சென்சார், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வ், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக் சர்க்யூட், இவற்றில் ஒன்றில் கோடு நிலுவையில் இருந்தாலே பல வண்டிகளில் ரீஜென் பூட்டப்படும். அந்தக் கோளாறை முடித்த பிறகுதான் அடுத்த படி.

அடுத்த படி ஸ்கேனர் மூலம் செய்யும் ரீஜென், அதாவது வண்டியை நிறுத்திவைத்து எரிப்பது. கரி எவ்வளவு வரை இருந்தால் இதைச் செய்யலாம் என்று தயாரிப்பாளர் ஒரு எல்லை கொடுத்திருப்பார். அதைத் தாண்டியிருந்தால் பில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். செய்யும் இடம் திறந்தவெளியாக, சிமென்ட் தரையாக இருக்கட்டும். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். சைலென்சர் வாயிலிருந்து வரும் காற்று கையைச் சுட்டுவிடும் அளவுக்கு இருக்கும், பக்கத்தில் ஆயில் துணி, குப்பை எதுவும் கூடாது. முடிந்ததும் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்கேனரில் "ரீசெட்" அழுத்தி விளக்கை மட்டும் அணைத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்த ரீசெட் பில்டரை மாற்றிய பிறகோ, வெளியே கழற்றிச் சுத்தம் செய்த பிறகோ அழுத்த வேண்டியது. சுத்தம் செய்யாமல் அழுத்தினால், பில்டர் காலியாக இருக்கிறது என்று இசியூ நம்பிக் கணக்குப் போடும். நிறைந்த பில்டரில் மேலும் கரி ஏறி, கடைசியில் ஒருநாள் மொத்தமாகப் பற்றும்.

அறிகுறி: வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது, கீழிருந்து சூட்டு நாற்றம்

கோளாறு இல்லை. ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போது அணைத்திருக்கிறீர்கள். எப்போதாவது என்றால் விட்டுவிடலாம், தினமும் என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

ஒரே எச்சரிக்கை: அந்தச் சூட்டோடு காய்ந்த புல்லிலோ வைக்கோலிலோ வண்டியை நிறுத்தாதீர்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் கதிரையும் வைக்கோலையும் பரப்பி வைப்பார்கள். அதன்மேல் ஓட்டும்போது வைக்கோல் அடியில் சுற்றிக்கொள்ளும், சூடான பைப்பில் பட்டால் தீப்பிடிக்கும். அப்படி ஒரு சாலையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: மைலேஜ் குறைந்துவிட்டது, ரீஜென் அடிக்கடி நடக்கிறது

இதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். பொதுவாக ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் இருக்கும். நெடுஞ்சாலை வண்டிக்கு அதிகம், ஊருக்குள் ஓடும் வண்டிக்குக் குறைவு. நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிக்கிறது என்றால் கரி அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் பாதி எரிந்து நிற்கிறது.

முதலில் ஓட்டும் பழக்கம். டிரைவர் வெயிட்டிங்கில் ஏசி போட்டு மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிடுவது பில்டருக்கு மிகவும் கெடுதல். ஐடிலில் புகை குளிர்ந்திருக்கும், கரி சேரும், எரியாது. கிலோமீட்டர் மீட்டரும் நகராததால் வண்டி ஓடவே இல்லை என்று முதலாளி நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்தது, மைலேஜ் கிடைக்கும் என்று ஐந்தாவது கியரில் 40-இல் இன்ஜினைத் திணறவிடுவது. பெட்ரோல் வண்டியிலிருந்து வந்த பலருக்கும் இது பழக்கம். டீசல் இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்று போதாமல் கரிதான் அதிகம் வரும்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார், கழட்டிப் போட்டா இன்ஜின் கூலா இருக்கும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் பழைய டீசல் இன்ஜின் காலத்திலிருந்தே உண்டு. பிஎஸ்-6 இன்ஜினுக்கு அது பெரிய தண்டனை. கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டாத வரை இசியூ ரீஜெனை அனுமதிக்காது. தெர்மோஸ்டாட் இல்லாத, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்ட வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், சூடே ஏறாது. ஆப்பில் பாருங்கள்: அரைமணி நேரம் ஓடிய பிறகும் கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டாமல் ஏறி இறங்கினால், பி0128 கோடும் இருந்தால், ஆள் அகப்பட்டான். தெர்மோஸ்டாட் விலை பில்டர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, காற்று வரும் வழி. ஏர் பில்டர் அடைத்திருந்தால் இன்ஜினுக்குக் காற்று குறைந்து கரி கூடும். செங்கல் சூளை, குவாரி, கட்டட வேலை நடக்கும் பக்கம் ஓடும் வண்டிக்கு கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்கக் கூடாது. காற்றடித்துத் துடைப்பதானால் உள்ளிருந்து வெளியே மெதுவாக அடியுங்கள். பங்க்சர் கடை கம்ப்ரசரை முழு வேகத்தில் வைத்து வெளியிலிருந்து அடித்தால் காகிதம் கிழியும், தூசி நேரே டர்போவுக்குப் போகும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் அதே கதை. ஆக்சிலேட்டர் அழுத்தும்போது விசில் மாதிரி சத்தமும், ஹோஸ் மூட்டில் ஆயில் கசிவும் இருந்தால் சந்தேகப்படலாம்.

இவை எல்லாம் சரி என்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். சொட்டும் இன்ஜெக்டர் ஒன்று போதும், பில்டரை நிரப்பிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியூ டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த அளவை ஸ்கேனரில் பார்த்தால் எது வழி தவறுகிறது என்று தெரியும். திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வும் அதே அளவுக்கு ஆபத்து. புகையைத் திரும்பத் திரும்ப உள்ளே விட்டு இன்ஜினை மூச்சுத் திணறவைக்கும்.

எரிபொருளையும் ஒரு வார்த்தை. பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள், பிஎஸ்-4 டீசலில் அது 50. பில்டருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டின் பிளாட்டினப் பூச்சைக் கந்தகம் மழுங்கடிக்கும். எனவே மலிவாகக் கிடைக்கிறது என்று பேரலில் விற்கும் பேர் தெரியாத "பயோ டீசல்", மண்ணெண்ணெய் கலந்த சரக்கு எதையும் ஊற்றாதீர்கள். பங்கில் விற்கும் "டிபிஎஃப் கிளீனர்" பாட்டில்கள்? கரி எரியும் சூட்டைக் கொஞ்சம் இறக்க உதவும் ரகம் உண்டுதான். தயாரிப்பாளரே இதை முறைப்படி பயன்படுத்தியிருக்கிறார், 2000-இல் டிபிஎஃப்போடு வந்த பெஜோ 607 கார், டீசலில் இப்படி ஒரு மருந்தைக் கலந்துதான் கரியை எரித்தது. ஆனால் அதற்கென வடிவமைக்காத வண்டியில், தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும்போது பாட்டில் ஊற்றுவது காசுக்குக் கேடு. சாம்பலை எந்த பாட்டிலாலும் கரைக்க முடியாது.

அறிகுறி: டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது

ஆயில் குறையும், ஏறுமா என்று கேட்பார்கள். ஏறும். ரீஜெனுக்காகத் தாமதமாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஒரு ரீஜென் முழுதாக நடந்தால் இறங்குவது கொஞ்சம்தான். பாதியில் அணைத்து, மறுநாள் திரும்பத் தொடங்கி, அதையும் அணைத்து என்று போனால் ஒவ்வொரு முறையும் டீசல் சேர்ந்துகொண்டே போகும்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்து, டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் டர்போ பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தேய்த்துவிடும். மட்டம் மிகவும் ஏறினால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தாறுமாறாக ஓடும் ஆபத்தும் உண்டு. ஆயிலை மாற்றுங்கள், பிறகு முந்தைய பகுதிக்குப் போய் ரீஜென் ஏன் முடிவதில்லை என்று கண்டுபிடியுங்கள்.

மாற்றும் ஆயில் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். டப்பாவின் பின்பக்கம் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் தர அளவு) சி2, சி3 என்று 'சி' வரிசை எண் இருக்கும். உங்கள் கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதே எண். "இதுவும் 5டபிள்யூ-30 தான்" என்று கடைக்காரர் நீட்டினால் அது பிசுபிசுப்பின் அளவு மட்டும், சாம்பலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அறிகுறி: சைலென்சர் வாயில் கரி

இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலென்சர் முனைக்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் துணியில் பெரிதாக ஒன்றும் ஒட்டாது. துணி கன்னங்கரேல் என்று வந்தால் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே பில்டரே இல்லை. பி2002 கோடு இதோடு சேர்ந்து வரும். பழைய பிஎஸ்-6 டீசல் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் கனம் பார்ப்பதற்கு முன் இந்தத் துணிச் சோதனையைச் செய்யலாம்.

பில்டர் இல்லாமல் எப்படி? பீங்கானைக் குத்தி எடுத்துவிட்டு, இசியூவில் புரோகிராமை மாற்றி, விளக்கு வராமல் செய்துவிடுவார்கள். "டெலீட்" என்று பெயர். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வண்டியை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை 2012-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கும் பைக்காரர்.

"பியூசி சர்டிபிகேட் வந்துடுச்சே" என்பார்கள். புகையின் கருமையை அளக்கும் அந்தச் சோதனை பிஎஸ்-6 இன்ஜினின் நுண்துகளைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானது அல்ல. அதனால்தான் பெல்ஜியம் 2022-இலும் ஜெர்மனி 2023-இலும் டீசல் வண்டிகளின் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன.

அறிகுறி: டெஃப் எச்சரிக்கை, "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது"

இது டிபிஎஃப் அல்ல, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர். நீல மூடி போட்ட தனி டேங்கில் ஊற்றும் டெஃப் திரவம் 32.5 சதவீத யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். எல்லா டீசல் காரிலும் இது கிடையாது, இருக்கும் வண்டியில் அலட்சியம் செய்தால் ஒருமுறை அணைத்த பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

டேங்கை நிரப்பியும் எச்சரிக்கை போகவில்லை, பி207எஃப் வருகிறது என்றால் திரவத்தின் தரத்தைச் சந்தேகியுங்கள். 35 டிகிரி சூட்டில் வைத்தால் ஆறு மாதம்தான் அதன் ஆயுள். கடை வாசலில் வெயில் காய்ந்த கேனை வாங்காதீர்கள், தேதி பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கும் லாரிப் பட்டறையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் கூத்து வேண்டாம். இந்தியாவில் 2015 முதல் விவசாய யூரியா வேப்ப எண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் அதிலுள்ள அழுக்கும் பம்பையும் கேட்டலிஸ்ட்டையும் சேர்த்து நாசமாக்கும். மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது குற்றமும் கூட.

டெஃபை மறந்து டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாத வரை டேங்கை வடித்துக் கழுவுவதோடு முடியும். செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போகும். குழாய் மூட்டில் வெள்ளையாகப் படிகம் கட்டியிருந்தால் அது காய்ந்த யூரியா, வெந்நீரில் கரையும்.

அறிகுறி: ரீஜென் முழுதாக நடக்கிறது, ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை

இப்போதுதான் உண்மையில் பில்டரின் முறை. ரீஜென் முடிந்த கையோடு பார்த்தும் அழுத்த வித்தியாசம் அதிகமாகவே நின்றால், வண்டி லட்சக்கணக்கில் ஓடியதாக இருந்தால், சாம்பல் நிறைந்திருக்கிறது. எத்தனை கிலோமீட்டரில் நிறையும் என்பது நீங்கள் ஊற்றிய ஆயிலையும், இன்ஜின் குடிக்கும் ஆயிலையும் பொறுத்தது.

உடனே புதுசு வாங்க வேண்டாம். பீங்கான் முழுதாக இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து பல வருடம் ஓட்டலாம். செலவும் மிச்சம், பிளாட்டினம் பூசிய ஒரு பாகம் குப்பைக்குப் போவதும் தவிரும். சுத்தம் செய்யும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முறையான இடத்தில் பில்டரை எடை போட்டு, காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்று அளந்து எழுதுவார்கள். சூளையில் மெதுவாகச் சூடேற்றிக் கரியை எரிப்பார்கள். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்தோ, அதற்கான இயந்திரத்தில் நீர் செலுத்தியோ சாம்பலை எடுப்பார்கள். திரும்ப எடை, திரும்ப அளவு. முன்னும் பின்னும் உள்ள அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை வைத்து முன்பக்கத்திலிருந்து அடித்தால் சாம்பல் உள்ளே இன்னும் இறுகும். சூடான பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல். ஆசிட் ஊற்றினால் கேட்டலிஸ்ட் பூச்சு போய்விடும்.

வெளியே வரும் சாம்பலில் உலோகம் இருக்கிறது, மாஸ்க் இல்லாமல் ஊதக் கூடாது, கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடவும் கூடாது. ஆயில் சர்வீஸில் வரும் கழிவுக்கும் இதே கவனம் வேண்டும். பழைய ஆயிலைச் சென்டரிங் பலகைக்கும் கரையானுக்கும் தடவக் கொடுத்துவிடுவது நம்மூர் வழக்கம், அது மழையில் கழுவி மண்ணில்தான் இறங்கும். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போக வேண்டியது. ஆயில் பில்டரைச் சூட்டோடு கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டால் உள்ளே தங்கிய ஆயிலும் கிடைக்கும், மிஞ்சும் இரும்பை உருக்கவும் முடியும்.

பீங்கான் உடைந்து டிபிஎஃப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதுசை மாட்டிய பிறகு ஸ்கேனரில் சாம்பல் கணக்கைப் பூஜ்ஜியமாக்கினார்களா என்று பாருங்கள், இந்த இடத்தில் அந்த ரீசெட் கட்டாயம். பழையதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். விலையுயர்ந்த உலோகம் இருப்பதால் கேட்டலிஸ்ட் வாங்குபவர்கள் காசு கொடுத்து எடுப்பார்கள். பில்லில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெட்டியில் போட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.